ஸ்கோபஸா, டி.ஓ.ஏ.ஜே.வா: புது ஆய்விதழ் முதலில் எங்கே போகலாம்?

இரண்டும் ஆய்விதழ்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலிடும் தரவுத்தளங்கள். இரண்டிலும் சேர ஐ.எஸ்.எஸ்.என். எனும் இதழ் அடையாள எண்ணும் முறையான சக ஆய்வாளர் மதிப்பீடும் வேண்டும். விண்ணப்பிக்க இரண்டிலும் கட்டணமில்லை. பணம் கேட்டு வரும் இடைத்தரகர்களை நம்பவே வேண்டாம்.

2003-இல் தொடங்கிய டி.ஓ.ஏ.ஜே., எல்லாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய, அதாவது திறந்த அணுக்க இதழ்களை மட்டுமே சேர்க்கும். கட்டுரை எந்த மொழியிலும் இருக்கலாம். இணையதளத்தைத்தான் துருவித் துருவிப் பார்ப்பார்கள்: உரிமம் என்ன, பதிப்புரிமை யாருக்கு, ஆசிரியர் குழுவில் யார் யார், கட்டுரையாளரிடம் கட்டணம் வாங்குகிறார்களா.

எல்சேவியர் பதிப்பகம் 2004-இல் தொடங்கிய ஸ்கோபஸ், சந்தா இதழ்களையும் ஏற்கும். ஆனால் வடிகட்டல் கடுமை. குறைந்தது இரண்டு ஆண்டு வெளியீட்டு வரலாறு, ஆங்கிலத் தலைப்பும் சுருக்கமும், ரோமன் எழுத்தில் மேற்கோள் பட்டியல். தமிழ் இதழ்கள் தடுக்கி விழுவது இந்தக் கடைசி நிபந்தனையில்தான். நூல் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துப்பெயர்க்க வேண்டும், அலுப்பான வேலை. மார்ச் இதழ் ஜூலையில் வந்தாலும் அது குறையாகவே பதிவாகும். அப்புறம், நிராகரித்தால் மீண்டும் விண்ணப்பிக்கச் சில ஆண்டுகள்கூடக் காத்திருக்க நேரலாம்.

திறந்த அணுக்க இதழ் என்றால் முதலில் டி.ஓ.ஏ.ஜே.தான் என்பேன். அதற்காகச் சீர்செய்யும் பக்கங்களை ஸ்கோபஸும் பார்க்கும்.