கொண்டி மகள் வாய் திறந்தால்: பாட் பார்க்கரின் நாவல் ஒன்று

ட்ரோய்ப் போரில் கிரேக்கரிடம் சிறைப்பட்ட பிரைசீஸ் என்ற பெண் தன் கதையைச் சொல்வதாக பாட் பார்க்கர் எழுதி 2018இல் வெளிவந்த ‘தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ்’ என்ற ஆங்கில நாவல் என் கைக்கு முதலில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாகத்தான் வந்து சேர்ந்தது. வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, தேர்வுத்தாளில் ஆங்கிலம், என் போன்ற ஆசிரியர்களுக்கு வகுப்பறையில் தமிழ் என்று வாழும் மொரீசியசில் இது புதிதல்ல. பிரெஞ்சுத் தலைப்பு ‘தோற்றவர்களின் மௌனம்’ என்று பொருள்படும். அந்தத் தோற்றவர்கள் பெண்கள் என்பதைச் சொல்லின் ஈறே காட்டிவிடும். ஆங்கிலத் தலைப்பில் இருப்பது வெறும் ‘பெண்பிள்ளைகள்’. பிரெஞ்சுத் தலைப்பே மேல் என்று நெடுநாள் வாதாடிக்கொண்டிருந்தேன். ஆங்கில மூலத்தைப் படித்த பிறகு என் எண்ணம் மாறியது. கணவனையும் பிள்ளையையும் பறிகொடுத்து வந்த நடுவயதுப் பெண்ணும் கிரேக்கர் பாசறையில் ‘பெண்பிள்ளை’தான், பெயரும் வயதும் குலமும் அவளுக்கு இனி இல்லை என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

அந்தப் போரைப் பாடும் கிரேக்கக் காவியமான ஹோமரின் இலியட் ஒரு சண்டையில் தொடங்குகிறது. அப்போலோவின் சினத்தால் பாசறையில் கொள்ளைநோய் பரவ, கொள்ளையில் தன் பங்காக வந்த கிரைசீஸ் என்ற பெண்ணை அவளுடைய தந்தையிடம் திருப்பித்தர வேண்டிய நிலை கிரேக்கர் தலைவன் அகமெம்னானுக்கு நேர்கிறது. அதற்கு ஈடாக அவன் கிரேக்கரின் தலைசிறந்த வீரன் அக்கிலீஸின் பங்கான பிரைசீஸைப் பறித்துக்கொள்கிறான். அக்கிலீஸ் போரிட மறுக்கிறான். காவியமே அவளை முன்னிட்டுத்தான் நகர்கிறது. ஆனால் இருபத்துநான்கு காண்டங்களில் அவள் பேசுவது ஒரே ஒரு முறை, பத்தொன்பதாம் காண்டத்தில், அக்கிலீஸின் தோழன் பட்ரோக்ளஸின் பிணத்தின் மீது விழுந்து அழும்போது.

இந்தப் பெண்ணுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. பட்டினப்பாலையில், கரிகாலன் அழித்த பகைவர் ஊரைச் சொல்லும் இடத்தில், ‘கொண்டி மகளிர்’ நீர்த்துறையில் மூழ்கி எழுந்து அந்தியில் நந்தா விளக்கு ஏற்றிய பொதியில் (ஊர்ப் பொதுமன்றம்) ஒன்று வருகிறது. பகைவரிடமிருந்து பிடித்து வரப்பட்ட பெண்கள் என்பது உரைகாரர் தரும் பொருள். இப்போது அந்தப் பொதியிலின் தூண்களில் யானைகள் உரசிக்கொண்டு நிற்கின்றன என்று பாட்டு மேலே போய்விடுகிறது. விளக்கு ஏற்றியவர்கள் என்ன ஆனார்கள் என்று அது கேட்கவில்லை. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு இந்த அடிகளுக்குப் பொருள் சொல்லிவந்த நானும் கேட்டதில்லை. பார்க்கரின் நாவல் முழுவதும் அந்தக் கேள்விதான்.

கதை பிரைசீஸின் ஊரான லிர்னெசஸ் நகரம் வீழும் நாளில் தொடங்குகிறது. கோட்டையின் மேல்தளத்தில் அடைக்கலம் புகுந்த பெண்களோடு நின்று தன் உடன்பிறந்தார் வெட்டுண்டு விழுவதை பிரைசீஸ் பார்க்கிறாள். ‘ஒளி பொருந்திய’, ‘தேவர்க்கு நிகரான’ என்றெல்லாம் புலவர்கள் அடுக்கும் அக்கிலீஸை நாங்கள் கசாப்புக்காரன் என்றுதான் சொல்வோம் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறாள். அதன்பின் அவள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, பார்க்கிறாள். இரவு விருந்தில் மது ஊற்றிக்கொண்டே தன் ஊரை எரித்தவர்களின் முகங்களைப் பார்க்கிறாள். தறிக்கொட்டகையிலும் காயம்பட்டோர் கூடாரத்திலும் மற்றக் கொண்டி மகளிரோடு வேலை செய்கிறாள். ஒரு நாள் கடலில் இறங்கி நனைந்து, கூந்தலில் உப்பும் பாசி வாடையுமாகத் திரும்பி வருகிறாள். கடல்தெய்வத்தின் மகனான அக்கிலீஸ் அந்த வாடையில் தன் தாயைத் தேடுகிறான். அவனை அவள் வெறுப்பதும் சற்றே புரிந்துகொள்வதும் ஒரே கணத்தில் நடக்கின்றன. கடலில் குளித்துவிட்டு வந்தால் மறுநாள் காலை வரை தலைமுடியில் அந்த வாடை போகாது என்பது தீவில் வாழும் எங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

நாவலின் உச்சம், ட்ரோயின் அரசர் பிரையம் தன் மகனின் உடலைக் கேட்டு அக்கிலீஸிடம் வரும் இரவு. மகனைக் கொன்றவனின் கையை முத்தமிடுகிறேன், எனக்கு முன் எந்த மனிதனும் இதைச் செய்ததில்லை என்கிறார் கிழ அரசர். அருகே நிற்கும் பிரைசீஸ், கணவனையும் உடன்பிறந்தாரையும் கொன்றவனுக்கே உடம்பைக் கொடுக்க நேர்ந்த எண்ணற்ற பெண்களில் தானும் ஒருத்தி என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறாள். ஹோமரிலும் அந்த இரவு அக்கிலீஸின் பக்கத்தில் பிரைசீஸ் படுத்திருக்கிறாள், ஓர் அடிக்கு மேல் இல்லை. அந்த ஓரடியிலிருந்து பார்க்கர் இவ்வளவையும் எடுத்திருக்கிறார் என்பதுதான் என்னை வியக்க வைத்தது. சபையில் திரௌபதி எழுப்பிய கேள்வியைத் தீமிதிக் காலத்தில் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் திரௌபதி அரசி, அவள் உரக்கக் கேட்டாள், சபையால் பதில் சொல்ல முடியாவிட்டாலும் கேட்காதிருக்க முடியவில்லை. பிரைசீஸுக்கு அந்தச் சபைகூட இல்லை.

குறை உண்டு, சிறியதும் அல்ல. நடுப்பகுதிக்குப் பிறகு கதை அவள் வாயை விட்டு விலகி, படர்க்கையில் அக்கிலீஸின் மனத்துக்குள் அடிக்கடி புகுந்துவிடுகிறது. முதல் உலகப் போர்ச் சிப்பாய்களைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1995இல் புக்கர் பரிசு பெற்றவர் பார்க்கர். போரில் சிதைந்த ஆண்களின் மனம் அவருக்குப் பழகிய நிலம். அந்தப் பக்கங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அக்கிலீஸின் துயரத்துக்கு ஹோமரே போதும். அதற்காக இவளை மறுபடி வாயிலில் நிறுத்த வேண்டியதில்லை. வீரர்கள் இன்றைய ஆங்கிலேயச் சிப்பாய்களைப் போலக் கொச்சையாகப் பேசுவதும் பாடுவதும் பலருக்கு உறுத்தியிருக்கிறது. எனக்கு உறுத்தவில்லை.

இதே வகையில் மேடலின் மில்லரின் ‘சர்சி’ நடையழகில் இதைவிட மேலானது, ஆனால் அதன் நாயகிக்கு மந்திரம் தெரியும், அவளைத் தொட வந்தவன் பன்றியாகிவிடுவான். மார்கரெட் ஆட்வுட்டின் ‘பெனலோபியட்’ ஹோமரின் மற்றொரு காவியமான ஒடிசியில் தூக்கிலிடப்பட்ட பன்னிரண்டு பணிப்பெண்களை 2005இலேயே பேச வைத்துவிட்டது. சிறிய நூல், எள்ளல் மிகுதி, ஒரே மாலையில் முடிந்துவிடும்.

பார்க்கரைப் படிப்பவர்கள் ஆங்கிலத்திலேயே படிப்பது நல்லது. வன்கொடுமைக் காட்சிகள் சில பக்கங்களே என்றாலும் ஒளிவுமறைவு இல்லாதவை. ஆகவே மாணவர்களுக்கு இதை நான் தரவில்லை, உடன் பணிபுரியும் ஆசிரியைகளுக்குத் தந்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் பிரதியைத் திருப்பித் தரும்போது பிரையம் வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘பட்டினப்பாலை, 246’ என்று குறித்து வைத்திருந்தார். நான் அவரிடம் அந்த அடியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.