பினாங்கில் 28 நாள்: விமானம், படகு, வீடு, பஸ் – எது தேறுகிறது, எது தேறவில்லை

தைப்பூசத்தை ஒட்டி நாலைந்து நாள் மலேசியாவின் பினாங்கு போய், பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்கு வெள்ளித் தேர் போவதைப் பார்த்து வந்தவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிறைய உண்டு. அவர்களில் பலர் அடுத்த தடவை ஒரு மாதம் தங்கலாம் என்று திட்டம் போடுகிறார்கள். போட்டதும் செய்கிற முதல் காரியம், போன தடவை தங்கிய அதே லிட்டில் இந்தியா ஓட்டலுக்கு 30 ராத்திரிக்கு முன்பணம் கட்டுவது. அங்கேதான் கணக்கு பிசகுகிறது. ஊர் அதேதான். ஆனால் ஐந்து நாளுக்குச் சரிப்பட்ட அறை, சாப்பாடு, வண்டி எதுவும் ஒரு மாதத்துக்குத் தாங்காது. அதனால் பினாங்கின் ஒவ்வொரு வசதியையும் நீண்ட தங்கலுக்கு ஏற்றதா என்று மட்டும் இங்கே எடை போட்டிருக்கிறோம்.

முதலில் நாள் கணக்கு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. இப்போதைய அறிவிப்பு 2026 டிசம்பர் 31 வரை செல்லும். அதற்குப் பிறகு போகிறவர்கள் டிக்கெட் எடுக்குமுன் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இறங்குகிற நாளும் கணக்கில் சேரும். ராத்திரி 11 மணிக்கு இறங்கினாலும் அது முதல் நாள்தான். 30 நாளையும் துடைத்துப் போடுகிற மாதிரி திரும்பும் டிக்கெட் எடுத்தால், விமானம் ஒரு நாள் தள்ளிப்போனாலே அனுமதி மீறியவர் ஆகிவிடுவீர்கள். 28 நாள் என்று வைத்துக்கொள்வதே நிம்மதி. பக்கத்துத் தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு ஒரு நாள் போய்த் திரும்பினால் மறுபடி 30 நாள் கிடைக்கும் என்று சிலர் சொல்லித் தருவார்கள். கிடைப்பதும் கிடைக்காததும் எல்லையில் இருக்கிற அதிகாரியின் முடிவு. அதை நம்பி வீட்டு வாடகை கட்டாதீர்கள்.

மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் பதிய முடியும், பணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளம் இல்லை. கூகுளில் தேடினால் அப்படிப்பட்டவைதான் மேலே வந்து நிற்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நீண்ட தங்கல் என்றால் குடிநுழைவில் கேள்வி கூடும். ஒரு மாதம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கும்போது, திரும்பும் டிக்கெட், முழு நாளுக்கும் தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி மூன்றும் அச்சிட்ட காகிதமாகக் கையில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் 'நாட் டு லேண்ட்' (நாட்டுக்குள் நுழைய மறுப்பு) முத்திரை வாங்கி அடுத்த விமானத்தில் திரும்பியவர்கள் கதை திருச்சிப் பக்கம் புதிதில்லை. முதல் மூன்று நாளுக்கு மட்டும் ஓட்டல் போட்டுக்கொண்டு, மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இளவட்டங்களுக்குப் பழக்கம். கோலாலம்பூர் கவுண்டரில் அது எடுபடாது. ரத்து செய்யக்கூடிய பதிவாக முழு நாளுக்கும் போட்டுவிட்டு, போன பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்பு தேறாத, 50 வயது ஆகாத உறவினரை அழைத்துப் போனால், அவர் கடவுச்சீட்டு பெரும்பாலும் ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும்) வகையாக இருக்கும். சுற்றுலாவுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. ஆனாலும் வேலைக்குப் போகிறாரோ என்று இந்தியப் பக்கத்திலேயே குடைவார்கள். குடும்பத்தோடு ஒரே வரிசையில் நிற்க வையுங்கள்.

விமானத்துக்கு வருவோம். நம் பக்கத்துக்கு திருச்சிதான் வசதி. காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் திருச்சி நெரிசலுக்குள் நுழைய வேண்டியதில்லை. 2024 ஜூனில் புது முனையம் திறந்த பிறகு பழைய மூச்சுமுட்டலும் இல்லை. ஏர் ஏசியாவும் பாத்திக் ஏரும் இங்கிருந்து கோலாலம்பூருக்கு ஓட்டுகின்றன. ஏறத்தாழ 4 மணி நேரம். சிக்கல் அதற்குப் பிறகு பினாங்குக்கு மாறுவதில். ஏர் ஏசியா இறங்குவது 2ஆம் முனையம், பாத்திக் 1ஆம் முனையம். இரண்டுக்கும் நடுவே ரயிலோ பஸ்ஸோ பிடித்தாக வேண்டும். இது போதாதென்று சில உள்நாட்டு விமானங்கள் சுபாங் என்கிற வேறொரு நிலையத்திலிருந்து கிளம்பும். விலை குறைவாகத் தெரிகிற இணைப்பு டிக்கெட்டில் எந்த நிலையம் என்பதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறிப்போவது உங்கள் தலையில். ஒரே பதிவாக எடுத்தால் அது அவர்கள் பாடு.

இண்டிகோ 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானம் தொடங்கியது. முழங்கால் வலிக்காரர்களையும், நாலு பெட்டி இல்லாமல் கிளம்பாதவர்களையும் அழைத்துப் போவதானால், பல்லவனில் சென்னை போய் இதில் ஏறுவதுதான் உத்தமம். மாறுகிற தொல்லையே இல்லை. தனியாக, ஒரு பெட்டியோடு போகிறவருக்கு திருச்சி.

நேரம் இருக்கிறவர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. எங்களுக்கு அதுதான் பிடித்தது: கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து ஈ.டி.எஸ். மின்ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகில் ஜார்ஜ் டவுன். ரயில் நாலு, நாலேகால் மணி நேரம். விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸ் ரயில் 55 ரிங்கிட் ஆகிறது, கொஞ்சம் வலிக்கும்; பஸ் அதில் ஒரு பங்குதான். ரிங்கிட் இப்போது 20 ரூபாய்க்கு மேல் என்பதை எப்போதும் மனதில் வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். வெள்ளி, ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறையிலும் ரயில் முன்பே நிரம்பிவிடும். இறங்கிய அன்றைக்கே ரயிலைப் பதிவு செய்வதானால் விமானத்துக்கும் ரயிலுக்கும் நடுவே குறைந்தது 5 மணி நேரம் விடுங்கள்.

படகுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 2023 ஆகஸ்டில் நாலு புதுப் படகுகள் வந்தன. குளிர்சாதனம், உட்கார இடம், கால் மணி நேரத்துக்குள் அக்கரை. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகும்போது மட்டும் பெரியவர்களுக்கு 2 ரிங்கிட்; தீவிலிருந்து வரும்போது இலவசம். காசு வாங்க மாட்டார்கள். டச் அன் கோ அட்டையோ வங்கி அட்டையோ வேண்டும். கையில் பெட்டியோடு வாயிலில் நின்றுகொண்டு அட்டை தேடுகிற நம்மூர்க் கூட்டத்தை அங்கே அடிக்கடி பார்க்கலாம். டச் அன் கோ அட்டையை கோலாலம்பூரிலேயே வாங்கிப் பணம் ஏற்றிவிடுங்கள். பஸ்ஸுக்கும் அதுதான் உதவும்.

இனி வீடு. ஒரு மாதத் தங்கலைத் தூக்கி நிறுத்துவதும் கெடுப்பதும் இதுதான். ஜார்ஜ் டவுன் பழைய நகரம் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து கடைவீடுகளில் பல ஓட்டலாகிவிட்டன. படத்தில் பார்க்க அழகு. முற்றம், மரத்தூண், பூக்கல் தளம் எல்லாம் நம் கானாடுகாத்தான் வீட்டை நினைவூட்டும். ஆனால் ஒடுக்கமான நீள வீட்டைக் குறுக்கே தடுத்து அறை எடுத்திருப்பதால் நடு அறைகளுக்குச் சன்னலே இருக்காது. மாடிப்படி செங்குத்து, பாரம்பரியக் கட்டடம் என்பதால் லிஃப்ட் கிடையாது. மரத்தளம் என்பதால் மேலே ஒருவர் நடந்தால் கீழே தூக்கம் போச்சு. சூலியா ஸ்ட்ரீட், லவ் லேன் பக்கம் நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தம். மூன்று ராத்திரிக்கு இதெல்லாம் ரசிக்கலாம்.

ஒரு மாதத்துக்கு எங்கள் முதல் தேர்வு புலாவ் தீக்குஸ். பழைய நகரத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். காலைச் சந்தை இருக்கிறது, தண்ணீர்மலை பக்கம், கர்னி டிரைவ் கடற்கரைக்கு நடந்தே போகலாம், 101ஆம் எண் பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. தஞ்சோங் தோக்கோங் இரண்டாவது. பத்து பெரிங்கி வேண்டவே வேண்டாம். கடற்கரை விடுதிகளுக்கான இடம் அது. ஊருக்குள் வர ஒற்றைச் சாலை, மாலையில் அது நகராது. கடலிலும் ஜெல்லிமீன் தொல்லை உண்டு.

அடுக்கக வீட்டை இணையத்தில் பிடிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. குடியிருப்பு வகை அடுக்ககங்களில் குறுகிய கால வாடகைக்கு விடுவதை பினாங்கு அரசு 2023இல் கட்டுப்படுத்தியது. வணிக வகையில் பதிவான சர்வீஸ் அபார்ட்மெண்டுகளுக்குத்தான் இடம். விதியை மீறி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். 'காவலாளி கேட்டால் நண்பர் வீடு என்று சொல்லுங்கள்' என்று உரிமையாளர் எழுதினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். நீச்சல் குளத்துக்கும் லிஃப்டுக்கும் அட்டையை முடக்கினால் 14ஆம் மாடிக்குப் படியேற வேண்டியதுதான்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: மின்கட்டணம் வாடகையில் சேர்ந்ததா, மீட்டர் பார்த்துத் தனியா? ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடும் ஊர் இது, தனி என்றால் தொகை கனமாக வரும். துணி துவைக்கும் எந்திரம் வீட்டுக்குள்ளேயே உண்டா? அடுப்பு மின்சாரத் தட்டா, கேஸா? தட்டு இன்டக்ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டுபோகிற அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது. பதிவு பெற்ற தங்குமிடங்களில் வெளிநாட்டவருக்கு அறைக்கு, ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் தெரிகிற வாடகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. 28 ராத்திரிக்கு 280 ரிங்கிட். ஐந்து நாள் பயணத்தில் கண்ணில் படாத தொகை, இப்போது ஒரு விமான டிக்கெட் அளவுக்கு வந்து நிற்கும்.

பஸ்ஸை ரேப்பிட் பினாங்கு ஓட்டுகிறது. வண்டிகள் நல்ல வண்டிகள், ஏ.சி. உண்டு, கட்டணம் கிராப் வாடகைக் காரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. குறை என்னவென்றால் நேரம். 101 அடிக்கடி வரும். தாவரவியல் தோட்டத்துக்கும் தண்ணீர்மலைக்கும் போகிற 10ஆம் எண்ணுக்கு நம்பி நின்றால் அரை மணி நேரமும் போகும், மேலும் போகும். காசாகக் கொடுத்தால் சரியான சில்லறை வேண்டும், மீதி தரமாட்டார்கள். விமான நிலையத்துக்கு 401ஈ. அது ஊரைச் சுற்றிக்கொண்டு போகும், ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய நகரத்துக்குள் கேட் (CAT) என்கிற பஸ் இலவசம். படகுத்துறை, கொம்தார் கோபுரம் என்று வட்டமடிக்கும். 2025 ஜனவரியில் எல்.ஆர்.டி. ரயில் பணிக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். தெற்குப் பக்கச் சாலைகளில் நெரிசல் கூடத்தான் போகிறது. விமான நிலையம் போகிற நாளில் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நடக்கலாம் என்றால், கடைகளுக்கு முன்னே இருக்கிற ஐந்தடி நடைபாதையில் பாதி மோட்டார் சைக்கிள் நிற்கும். வெயிலிலும் மழையிலும் சாலையில் இறங்கி இறங்கி ஏற வேண்டும்.

எந்த மாதம்? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பர், அக்டோபர் கொட்டும். பூசத்தைப் பார்த்தாயிற்று என்பவர்கள், பூசம் முடிந்த மறுவாரம் போய் இறங்கினால் வாடகை இளகும் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் சீனப் புத்தாண்டு அதை ஒட்டியே வந்துவிடும். அந்த நாட்களில் வாடகை ஏறும், சந்தையும் சீனர் கடைகளும் மூடிக் கிடக்கும். இரண்டு தேதிகளையும் காலண்டரில் பார்த்துவிட்டு, இரண்டும் உள்ளே வருகிற மாதிரியோ, இரண்டுக்கும் வெளியே இருக்கிற மாதிரியோ போடுங்கள். பூசத்துக்காகவே போகிறவர்கள் முதல் நாள் செட்டிப்பூசத்துக்குக் காலையிலேயே பினாங்கு ஸ்ட்ரீட்டில் இருக்க வேண்டும். வெள்ளித் தேர் 1894 முதல் ஓடுகிறது. 2017 முதல் தங்கத் தேரும் சேர்ந்துகொண்டதால் சாலை மறிப்பு முன்னைவிட நீளம்.

பெட்டியில் மசாலா அடைக்காதீர்கள். பினாங்கு ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் மளிகைக் கடைகளில் இட்லி அரிசி முதல் கல்பாசி வரை கிடைக்கும். உப்புக்கண்டம் வேண்டாம், இறைச்சிப் பொருளுக்கு இறக்குமதி அனுமதி கேட்பார்கள், இல்லையென்றால் பிடுங்கி எறிவார்கள். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் குருமாப் பொடியில்கூடக் கசகசா இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. தேன்குழல், மனகோலம் தாராளமாகப் போகலாம். கைப்பெட்டிக்கு ஏர் ஏசியாவில் 7 கிலோதான், மீதிக்கு டிக்கெட் எடுக்கும்போதே எடை வாங்கிவிடுங்கள், கவுண்டரில் வாங்கினால் விலை அதிகம். மின்செருகி அங்கே மூன்று தட்டை முனை. நம்மூர் வட்ட முனை நுழையாது. மாற்றுச் செருகி குறைந்தது இரண்டு வேண்டும். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, உறையைப் பிரிக்காமல் 28 நாளுக்கும் சேர்த்து எடுங்கள்.

சாப்பாட்டில் நாசி கண்டார் (சோறும் கறிக் குழம்பும்) கடைகளைப் பற்றி ஒரே எச்சரிக்கை: இறால், பெரிய கணவாய், மீன் தலை மூன்றையும் விலை கேட்காமல் தட்டில் போடச் சொல்லாதீர்கள். சைவக்காரர்கள் கீரைப் பொரியலிலும் பெலச்சான் என்கிற இறால் விழுது சேரும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இலைச் சாப்பாட்டுக் கடைகளில் இந்தக் கவலை இல்லை.

அவசரமில்லாத தங்கலின் முழுப் பலனும் கிடைப்பது தண்ணீர்மலையில்தான். நகரத்தார் கோயிலின் மரவேலைப்பாட்டைக் கூட்டமில்லாத வாரநாளில் காலையில் போய்ப் பார்க்கலாம்; நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். அங்கிருந்து மேலே பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி, வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும். பினாங்கு மலைக்கு 1923இல் ஓடத் தொடங்கிய இழுவை ரயில் வெளிநாட்டவருக்குப் போகவர 30 ரிங்கிட். சனி, ஞாயிறு வரிசை நீளம். செவ்வாய், புதனில் முதல் வண்டிக்குப் போனால் அதிகப் பணம் கேட்கிற விரைவு வரிசை தேவைப்படாது. மழை விட்ட மறுநாள் காலை என்றால் மேலிருந்து அக்கரைவரை தெளிவாகத் தெரியும். ஒரு மாதம் இருப்பவர்களுக்கு அந்த நாளுக்குக் காத்திருக்க முடியும்.

திரும்பும்போது, காலை ஈ.டி.எஸ். பிடித்து அன்று இரவே திருச்சி விமானம் ஏறலாம் என்று போடாதீர்கள். பாதையில் ஏதாவது பழுது என்றால் ரயில் நின்றுவிடும், விமானம் நிற்காது. முந்தைய நாளே கோலாலம்பூர் வந்து ஒரு ராத்திரி தங்குங்கள். அந்த ராத்திரியும் 28க்குள்தான்.