விண்டோஸ் செவன் நல்லதுதான், என் ஸ்கேனரைக் கேட்காதீர்கள்

2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. அந்தச் சமயத்தில் பட்டர்வொர்த் நண்பர் கேட்டார்: "அண்ணே, நீங்கதான் ரொம்ப நாளா செவன் வச்சிருக்கீங்களே, டிஸ்க் வாங்கிப் போடலாமா?" போனில் பேசினால் கோபம்தான் முந்தும். எழுதினால் கொஞ்சம் நியாயமாக இருக்கும் என்று அப்போது எழுதிய பதில் இது.

முதலில் நல்லது. எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய ரீஜனல் செட்டிங்ஸில் ஒரு கட்டத்தை டிக் செய்யணும். உடனே சிடியைப் போடு என்று கேட்கும். அந்த சிடி எந்த அலமாரியில் கிடக்கிறதோ! செவனில் அந்தப் பேச்சே இல்லை. முதல் நாளே கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நின்றன. லதாவோடு விஜயா என்று புது எழுத்துருவும் வந்தது. தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் நோட்டீஸ் அடிக்கிற எனக்கு இதுவே போதும்.

ஆனால் எக்ஸ்பிக்கு மேல் செவன் அப்படியே ஏறாது. புதிதாகத்தான் போடவேண்டும். கோப்புகள் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டரில் கிடக்கும். மென்பொருளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடணும். பழைய நோட்டீஸ்கள் திஸ்கியில், அதாவது தனி எழுத்துரு இருந்தால்தான் தெரிகிற பழைய தமிழ்க் குறியீட்டில் அடித்தவை. எழுத்துருவை அந்த ஃபோல்டருக்குள் தோண்டி எடுக்கும்வரை எல்லாம் கிறுக்கலாகவே தெரிந்தன. சரி, இதெல்லாம் ஒரு நாள் வேலை.

தீராதது ஸ்கேனர். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை, விளக்கு பளிச்சென்று எரிகிறது. ஸ்கேனரைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கிற மென்பொருளான டிரைவர் மட்டும் செவனுக்குக் கிடையாது. தயாரித்தவர்களிடம் கேட்டால் புது மாடல் வாங்கச் சொல்கிறார்கள். செவனுக்குள்ளேயே எக்ஸ்பியை ஓட்ட எக்ஸ்பி மோட் இருக்கிறது, அதுவும் செவனின் புரொஃபஷனல் பதிப்புக்கும் அதற்கு மேலே உள்ளவற்றுக்கும்தான். என்னுடையது வீட்டுக்கான ஹோம் பிரீமியம் பதிப்பு. வீட்டில் இருப்பவனிடம் பழைய சாமான் இருக்காது என்று யார் முடிவு செய்தார்களோ! சாமி படம் ஒன்று ஸ்கேன் பண்ண இன்றைக்கும் பினாங்கு கொம்தார் கட்டடத்துப் பக்கம் ஒரு கடைக்குப் போய்க் காசு கொடுத்துவிட்டு வருகிறேன்.

எனவே தம்பி, டிஸ்க் வாங்காதீர்கள். உங்கள் மெஷினில் ராம் 512 எம்பிதான், செவன் 1 ஜிபி கேட்கும். செவன் போட்டே வருகிற புது கம்ப்யூட்டராகப் பாருங்கள். பழையதைக் காயலான் கடைக்குப் போடவேண்டாம். இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு இந்தப் பக்கம் அனுப்புங்கள், என் ஸ்கேனருக்கு ஆகும்.