ஓராங் அஸ்லி மரபணு: வந்து சேர்ந்த மூன்று அலைகளா, பிரிந்து வளர்ந்த கிளைகளா?

மலாய்த் தீபகற்பத்தின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் கோலாலம்பூர்க்காரர்களுக்குத் தூரத்தவர்கள் அல்லர். கோம்பாக் வரை போனால் அவர்களுக்கென ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. செமாங், செனோய், மலாய்ப் பூர்வகுடி என மூன்று பிரிவுகள், பிரிவுக்கு ஆறாக 18 குழுக்கள் என்பது அரசுக் கணக்கு. அந்த மூன்று பிரிவுகள் எப்படி உருவாயின என்பதில் இரண்டு விளக்கங்கள் மோதுகின்றன.

பழைய விளக்கம் அலைக் கொள்கை: முதலில் செமாங், அடுத்து செனோய், கடைசியில் மலாய்ப் பூர்வகுடி எனத் தனித்தனியாக வந்து குடியேறினார்கள். தேர்வுக்கு எழுத வசதியான விடை. மானிடவியலாளர் ஜெஃப்ரி பெஞ்சமின் இதை மறுத்தார். தாழ்நிலக் காட்டில் வேட்டையும் சேகரிப்பும், மலைச்சரிவில் காட்டை எரித்துப் பயிரிடுதல், தெற்கே காட்டுப்பொருள் வணிகம் எனப் பிழைப்பு பிரிந்தது. மண உறவு முறைகளும் அதற்கேற்ப மாறின. இங்கிருந்த மக்களே மூன்று மரபுகளானார்கள் என்பது அவர் வாதம்.

2006-இல் வெளியான தாய்வழி மரபணு ஆய்வு 260 ஓராங் அஸ்லியரைச் சோதித்தது. செமாங்கின் வேர் இத்தீபகற்பத்திலேயே 50,000 ஆண்டுகளுக்கும் அப்பால் போகிறது. செனோய் மக்களிடமோ ஏறக்குறையப் பாதித் தாய்வழிகள் செமாங் முன்னோருடையவை, மறுபாதி இந்தோசீனாவிலிருந்து வந்தவை. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வேளாண்மையோடும் மொழியோடும் வந்தவர்கள் உள்ளூராரோடு கலந்தார்கள் என்ற கருத்துக்கு இது பொருந்துகிறது. ஆக, வந்தவர்களும் உண்டு, பிரிந்தவர்களும் உண்டு. மலாய்ப் பூர்வகுடியினர் இரு தரப்பையும் சங்கடப்படுத்துகிறார்கள்: அவர்களிடம் தென்கிழக்காசியத் தீவுகளின் சாயலோடு, பனியுகக் காலத்தில் இந்தோசீனாவில் தோன்றிய ஒரு தாய்வழியும் இருக்கிறது.

தாய்வழி மரபணு ஒரே ஒரு கொடிவழியைத்தான் காட்டும். தந்தைவழி அதில் தெரியாது. மேலும், சிறு கூட்டங்களாக வாழ்ந்தவர்களிடம் தற்செயலாகச் சில வழிகள் பெருகிவிடும், சில அற்றுவிடும். பக்கத்துக் காட்டுக் குழுக்கள்கூட வேற்றினம் போலத் தோன்றுவதற்கு இதுவே போதும். அலைக் கொள்கையினர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்பது என் குறை.

அவர்கள் பக்கம் நிற்கும் வலுவான சாட்சி கிளந்தானின் குவா சா குகை. அங்குள்ள பழங்கால எலும்பின் மரபணு, செமாங் பிரிவைச் சேர்ந்த இன்றைய ஜஹாய் மக்களோடும் அந்தமான் ஓங்கே மக்களோடும் உறவு காட்டுவதாக 2018-இல் தெரியவந்தது. செமாங்கின் தொன்மைக்கு இது சான்று. செனோய் தனி அலை என்பதற்குச் சான்றாகாது.

செனோய் விஷயத்தில் நான் பெஞ்சமின் பக்கமே அதிகம் சாய்வேன். அரசுப் பட்டியல் மா மெரி குழுவைச் செனோய் என்கிறது, செமலாய் குழுவை மலாய்ப் பூர்வகுடி என்கிறது. இரண்டின் மொழியும் அஸ்லிய மொழிக் குடும்பத்தின் ஒரே தென் கிளை; பட்டியலின் கோடு மொழியின் கோட்டோடு பொருந்தவில்லை.