செக்கி தட்டு: ஏரித் தண்ணீரின் தெளிவைப் பார்க்க

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹாலிபர்ட்டன் பக்கம் எங்கள் காட்டேஜ் இருக்கும் சின்ன ஏரிக்காக இதை வாங்கினேன். 20 சென்டிமீட்டர் தட்டு, கறுப்பும் வெள்ளையுமாக நாலு கால்வட்டம். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த அதே வழிதான்.

படகின் நிழல் பக்கமாக இறக்கினேன். வெள்ளை மெல்லப் பச்சையாகி, அப்புறம் கண்ணுக்கே தெரியாமல் போனபோது ஐந்தரை மீட்டர். ஆகஸ்டில் நாலுதான், மனசு கனத்துவிட்டது. பாஸ்பரஸ் கூடினால் பாசி கூடும், தண்ணீர் கலங்கும். அந்தப் பாசி செத்து அடியில் மக்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். லேக் டிரவுட் மீன் கோடையில் ஒதுங்குவதோ அந்தக் குளிர்ந்த அடித்தண்ணீரில். அங்கே சராசரியாக லிட்டருக்கு 7 மில்லிகிராம் ஆக்சிஜனாவது வேண்டும் என்பது மாகாணத்தின் அளவுகோல். அதை இந்தத் தட்டு சொல்லாது, ஆக்சிஜனை அளக்கத் தனிக் கருவி வேண்டும்.

எடை சரியாக இருக்கிறது, சாயாமல் இறங்குகிறது. கயிற்றில் போட்ட குறிகள்தான் ஒரே கோடையில் அழிந்துவிட்டன. மீட்டருக்கு ஒன்றாகச் சிவப்பு நூல் கட்டிக்கொண்டேன். ஏரிக்கரையில் வீடு இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இறக்கி, தேதி போட்டு நோட்டில் எழுதிவையுங்கள்.