கர்னல் மாட்யூலைக் கழற்றும்போது: எண்ணிக் காப்பதா, காத்திருந்து முடிப்பதா?

குளச்சல் விசைப்படகு ஒன்றின் எதிரொலிமானியை (ஒலியால் ஆழம் அளக்கும் கருவியை) யுஎஸ்பி வழியே படிப்பதற்காக, நாகர்கோவிலில் என் வீட்டு மேசையில் வைத்து ஒரு லினக்ஸ் கர்னல் மாட்யூலை, அதாவது இயங்குதளத்தின் மையமான கர்னலில் அது ஓடும்போதே சேர்க்கவும் கழற்றவும் கூடிய நிரல்துண்டை, எழுதினேன். மாட்யூலைக் கழற்றும் ‘ஆர்எம்மாட்’ கட்டளை பிழையின்றி முடிந்தது. ஆனால் அடுத்த நொடியிலேயே கணினி உறைந்து நின்றது. மாட்யூலின் நிரல் நினைவகத்தை விட்டு நீங்கிய பின்னும், நான் நிறுத்தாமல் விட்ட டைமர் (குறித்த நேரத்தில் ஒரு செயற்கூற்றை அழைப்பது) அதே பழைய முகவரியை அழைத்திருந்தது.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, எண்ணிக்கை: மாட்யூலை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி, அது சுழியமாகும்வரை கழற்ற விடாமல் காப்பது. 2.2 கர்னல் வரை மாட்யூல் தன் எண்ணிக்கையைத் தானே கூட்டிக்கொண்டது. அந்த வரி ஓடுவதற்குள்ளேயே மாட்யூல் கழற்றப்பட்டுவிடும் ஆபத்து அதில் இருந்தது. 2.4இல் தொடங்கி, 2003இல் வந்த 2.6 கர்னலுக்குள் அந்தப் பொறுப்பு அழைப்பவரின் கைக்கு மாறியது: கருவிக்கான கோப்பைத் திறக்கும் கர்னலே, அது எந்த மாட்யூலுக்கு உரியது என்று சொல்லும் ‘ஓனர்’ புலத்தைப் பார்த்து, ‘ட்ரை மாட்யூல் கெட்’ செயற்கூற்றின் மூலம் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. கோப்பு திறந்திருக்கும்வரை ‘ஆர்எம்மாட்’ மறுக்கப்படும். ஆனால் இந்த எண்ணிக்கை காப்பது நிரலை மட்டுமே, கருவியின் விவரங்களை நினைவகத்தில் வைத்திருக்கும் பொருளை அன்று. கோப்பு திறந்திருக்கையில் யுஎஸ்பி வடத்தை உருவினால், மாட்யூல் இருக்கும், பொருள் போய்விடும். ஆகவே பொருளுக்கெனத் தனியே ஒரு ‘கேரெஃப்’ எண்ணிக்கை வேண்டும்.

இரண்டாவது, காத்திருப்பு: கழற்றும்போது ஓடும் வெளியேறும் செயற்கூறு, மாட்யூல் கிளப்பிய வேலைகளை நிறுத்தி, அவை முடியும்வரை காத்திருப்பது. டைமருக்கும் எண்ணிக்கையையே பயன்படுத்தினால் என்ன என்று நானும் முயன்றேன். அது அடிப்படையிலேயே பொருந்தாது. எண்ணிக்கை சுழியமானால்தான் வெளியேறும் செயற்கூறு ஓடும், அது ஓடினால்தான் டைமர் நிற்கும், டைமர் நின்றால்தான் எண்ணிக்கை சுழியமாகும். ஆகவே வெளியிலிருந்து உள்ளே வரும் அழைப்புகளுக்கு எண்ணிக்கையும், மாட்யூல் தானே கிளப்பிவிட்ட டைமர், பணிவரிசை (பிறகு செய்ய ஒதுக்கிய பணிகள்), ஆர்சியூ (படிப்பவர்கள் முடித்த பின்னரே பழைய தரவை அழிக்கும் முறை) ஆகியவற்றுக்குக் காத்திருப்புமே சரி என்பது என் முடிவு. ஆர்சியூவில் பலரும் தவறுவது ஓரிடத்தில்தான்: ‘சிங்க்ரனைஸ் ஆர்சியூ’ படிப்பவர்கள் வெளியேறும்வரை மட்டுமே காத்திருக்கும், ‘கால் ஆர்சியூ’ வழியே வரிசையில் விட்ட கால்பேக்குகள் (பிறகு அழைக்கப்படும் செயற்கூறுகள்) ஓடி முடியும்வரை காத்திருப்பது ‘ஆர்சியூ பேரியர்’ ஒன்றே.

வெளியேறும் செயற்கூறே எழுதாமல் மாட்யூலை நிரந்தரமாக்கும் மூன்றாம் வழியும் உண்டு. படகில் பொருத்திய பலகைக்கு அது போதும், ஆனால் எழுதிச் சோதிக்கும் நாள்களில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கணினியை மறுபடி தொடங்க வேண்டும்.

இப்போது என் மாட்யூல் முதலில் யுஎஸ்பி பதிவை நீக்குகிறது. அதனால் அழைக்கப்படும் துண்டிப்புச் செயற்கூற்றில் டைமரும் பணியும் நிற்கின்றன. பிறகு ‘ஆர்சியூ பேரியர்’. அதன் பின்னரே நினைவகத் தொகுப்பு அழிக்கப்படுகிறது.