ஒரே சர்வரில் ஆவணத் தேடல் ஏஐ: டாக்கர் கம்போஸ் எதுவரை தாங்கும்?

ஆவணங்களைத் தேடிப் பதில் சொல்லும் ஏஐ செயலி என்பது ஒற்றை புரோகிராம் இல்லை, கூட்டுக் குடும்பம். வாசலில் கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், அடுத்து கேள்விகளைக் கையாளும் ஏபிஐ, பிடிஎஃப்களைப் பிரித்துப் போடும் வொர்க்கர், வேலைகளை வரிசையில் நிறுத்த ரெடிஸ், ஆவணத் துண்டுகளையும் வெக்டர்களையும் (உரையின் பொருளைக் குறிக்கும் எண் வரிசைகள்) வைத்துக்கொள்ள பிஜிவெக்டர் என்ற நீட்சி சேர்த்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், எம்பெடிங்குக்கு, அதாவது உரையை வெக்டராக்குவதற்குத் தனி சர்வீஸ், பதில் எழுத மொழி மாடலை ஓட்டும் ஒல்லாமா. ஆக ஏழு கண்டெய்னர், அதாவது டாக்கர் தனித்தனியாக அடைத்து ஓட்டும் ஏழு புரோகிராம். இந்த ஏழையும் ஒரே யாமெல் ஃபைலில் எழுதி, ஒரே கட்டளையில் எழுப்புவது டாக்கர் கம்போஸின் வேலை. ஒரே மெஷினில் ஓடும் ஆவணத் தேடலுக்கு இதைவிடக் கச்சிதமான கருவி இல்லை. ஆனால் இதன் டீஃபால்ட்கள் லேப்டாப்பில் டெமோ காட்டுகிறவருக்காக வைத்தவை. அப்படியே சர்வரில் ஏற்றினால் முதல் நாள் ஜோராக ஓடும். முதல் பெரிய ஆவணக் கட்டு வந்து விழுந்ததும் படுத்துவிடும்.

பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டாக்கருக்கும் கம்போஸுக்கும் நடுவில் கோடு போட்டு எழுதும் கட்டளை பைத்தானில் எழுதிய பழைய முதல் பதிப்பு; 2023 ஜூலையோடு அதற்கு ஆதரவு முடிந்தது. இப்போது இடைவெளி விட்டு எழுதுவதுதான் சரி. ஃபைலின் தலையில் இருந்த 'வெர்ஷன்' வரியும் காலாவதி. இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஃபைல்கள் பலவற்றில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இருந்தால் ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவுதான்.

முதலில் கையைச் சுடுவது 'டிபெண்ட்ஸ் ஆன்', எதற்குப் பின் எது எழ வேண்டும் என்று சொல்லும் வரி. ஏபிஐக்குக் கீழே போஸ்ட்கிரெஸின் பெயரை மட்டும் எழுதிவைத்தால், போஸ்ட்கிரெஸ் கண்டெய்னர் எழுந்த அடுத்த நொடி ஏபிஐயும் எழுந்துவிடும். கண்டெய்னர் எழுவது வேறு, டேட்டாபேஸ் இணைப்பை ஏற்கத் தயாராவது வேறு. அதனால் ஹெல்த்செக் (சர்வீஸ் தயாரா என்று விசாரிக்கும் சோதனை) எழுதி, 'சர்வீஸ் ஹெல்தி' என்ற நிபந்தனையோடு இணைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸுக்கு 'பிஜி இஸ்ரெடி', 5 வினாடிக்கு ஒருமுறை, 10 முயற்சி என்பது நல்ல தொடக்கம். இதிலும் ஒரு பொறி உண்டு. காலி வால்யூமில் (கண்டெய்னர் போனாலும் டேட்டா நிற்கும் இடம்) முதல்முறை எழும்போது போஸ்ட்கிரெஸ் இமேஜ் (கண்டெய்னர் உருவாகும் அச்சு) நெட்வொர்க்கைத் தொடாத யுனிக்ஸ் சாக்கெட்டில் மட்டும் கேட்கும் தற்காலிக சர்வர் ஒன்றை ஓட்டும். தொடக்க ஸ்கிரிப்ட்களை அதில் முடித்து, அதை நிறுத்திவிட்டுத்தான் நிஜ சர்வரைக் கிளப்பும். சாக்கெட் வழியாக விசாரிக்கும் ஹெல்த்செக் அந்தத் தற்காலிக சர்வரைப் பார்த்தே 'தயார்' என்று சொல்லிவிடும். ஏபிஐ போய்க் கதவைத் தட்டும்போது உள்ளே ஆள் இருக்காது. ஹெல்த்செக்கில் ஹோஸ்டாக 127.0.0.1 என்று கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். முதல் நிறுவலில் மட்டும் விழுந்து, இரண்டாம் தடவை தானாகச் சரியாகிவிடும் மர்மப் பிழைகளில் பல இந்த வகைதான்.

டேபிள்களை உருவாக்கும் மைக்ரேஷனை ஏபிஐ எழும்போதே ஓட்டக் கூடாது. ஏபிஐ இரண்டு பிரதி ஓடினால் இரண்டும் ஒரே டேபிளில் முட்டிக்கொள்ளும். அதைத் தனி சர்வீஸாக வைத்து, 'வெற்றிகரமாக முடிந்தது' என்ற நிபந்தனையில் மற்றவற்றைக் காக்கவைப்பது கம்போஸ் தரும் அருமையான வசதி. எம்பெடிங் சர்வீஸ் மாடலை ஏற்றவே ஒரு நிமிடம் எடுக்கலாம் என்பதால் அதற்கு 'ஸ்டார்ட் பீரியட்' என்ற தொடக்க அவகாசம் 120 வினாடி கொடுங்கள். வெக்டர்களுக்கு போஸ்ட்கிரெஸை விட்டு க்யூட்ரன்ட் என்ற வெக்டர் டேட்டாபேஸை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அதன் இமேஜில் கர்ல் (வெப் முகவரியைக் கூப்பிடும் கட்டளை) கிடையாது. கர்லை நம்பி எழுதிய ஹெல்த்செக், சர்வீஸ் நன்றாக இருந்தும், கடைசிவரை 'நலமில்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இனி நினைவகம். இந்த அமைப்பு விழுவதென்றால் பெரும்பாலும் இங்கேதான் விழும்.

பலரும் செய்வது: எம்பெடிங் மாடலை செலரி (பைத்தானின் பின்னணி வேலைக் கருவி) வொர்க்கருக்குள்ளேயே ஏற்றுவது. பிஜிஇ-எம்3 மாடலை முழுத் துல்லியத்தில் ஏற்றினால் ஏறக்குறைய 2.3 ஜிபி. செலரியோ சிபியு கோர் எத்தனையோ அத்தனை புராசஸ் கிளப்பும். 8 கோர் மெஷினில் 8 புராசஸ். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மாடல் பிரதியை ஏற்றிக்கொண்டால் 18 ஜிபிக்கு மேல். கம்போஸில் 'சிபியுஸ்: 2' என்று கட்டுப்படுத்தினாலும் எண்ணிக்கை குறையாது. பைத்தான் எண்ணுவது மெஷினின் கோர்களை. கண்டெய்னருக்கு ஒதுக்கிய பங்கு அதன் கண்ணில் படாது. கான்கரன்ஸியை (ஒரே நேரத்தில் ஓடும் புராசஸ் எண்ணிக்கை) 2 என்று வெளிப்படையாக எழுதுவது ஒரு வழி. அதைவிடச் சரியான வழி, எம்பெடிங்கைத் தனி சர்வீஸாகப் பிரித்துவிடுவது. ஹக்கிங் ஃபேஸின் டெக்ஸ்ட் எம்பெடிங்ஸ் இன்ஃபரன்ஸ் இமேஜ் மாடலை ஒருமுறை ஏற்றி எல்லோருக்கும் பரிமாறும். ஒரு கோரிக்கையில் டீஃபால்ட்டாக 32 துண்டுகள்தான் ஏற்கும் என்பதை வொர்க்கர் கோடில் நினைவில் வையுங்கள்.

கண்டெய்னருக்கு நினைவக வரம்பு வைக்காவிட்டால், ரேம் தீரும்போது கெர்னல் தன் கணக்கில் ஒருவரைக் கொல்லும். அநேகமாகப் பெரிய உருவமாகத் தெரிகிறவர் அகப்படுவார், தப்பு செய்தது வொர்க்கராக இருந்தாலும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் 'மெம் லிமிட்' போடுங்கள். கண்டெய்னர் 137 என்ற எக்ஸிட் கோடோடு நின்றால், இன்ஸ்பெக்ட் செய்து 'ஓஓஎம் கில்டு' (நினைவகம் தீர்ந்து கொல்லப்பட்டது) உண்மையா என்று பாருங்கள். உண்மையென்றால் கோடில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வெக்டர் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிடலாம். 10,000 ஆவணம், ஆவணத்துக்கு 20 பக்கம், பக்கத்துக்கு 3 துண்டு என்றால் 6 லட்சம் வெக்டர். 1024 பரிமாணத்தில் ஒரு வெக்டர் 4 × 1024 + 8, அதாவது 4104 பைட். மொத்தம் சுமார் 2.5 ஜிபி. இதோடு முடியவில்லை. வெக்டர் தேடலை வேகமாக்கும் எச்என்எஸ்டபிள்யூ இண்டெக்ஸும் வெக்டரை மறுபடி சேமிக்கிறது. போஸ்ட்கிரெஸின் 8 கேபி பக்கத்தில் இந்த அளவில் ஒரு வெக்டர்தான் அடங்கும், மீதி இடம் வீண். ஆகவே இண்டெக்ஸ் மட்டும் 5 ஜிபியை நெருங்கும். ஒவ்வொரு எண்ணையும் பாதி இடத்தில் வைக்கும் 'ஹாஃப்வெக்' வகையில் இண்டெக்ஸ் போட்டால் பக்கத்துக்கு மூன்று அடங்கி, அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். இவ்வளவு மிச்சம் தரும் மாற்றம் இந்த அமைப்பில் வேறு இல்லை.

அந்த இண்டெக்ஸைக் கட்டும்போது வரும் பிரபலமான பிழை, 'டிஸ்கில் இடமில்லை' என்பது. டிஸ்க்கைப் பார்த்தால் பாதி காலியாக இருக்கும். இங்கே தீர்ந்தது பகிர்வு நினைவகம்: டாக்கர் ஒரு கண்டெய்னருக்கு டீஃபால்ட்டாகத் தருவது 64 எம்பிதான். இண்டெக்ஸ் கட்ட போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொள்ளும் நினைவகமான 'மெயின்டனன்ஸ் வொர்க் மெம்' அளவை 2 ஜிபி என்று ஏற்றினால் கம்போஸில் 'எஸ்எச்எம் சைஸ்' அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஏற்றாமல் டீஃபால்ட்டிலேயே விட்டால் பிழை வராது; இண்டெக்ஸ் கட்டுவது ஆமை வேகத்தில் நகரும். ஆவணங்களையெல்லாம் ஏற்றிவிட்டுக் கடைசியில் இண்டெக்ஸ் போடுவது வேகம்.

ஒல்லாமாவைப் பொறுத்தவரை இரண்டு டீஃபால்ட்களை மாற்றியே ஆக வேண்டும். 5 நிமிடம் யாரும் கேட்காவிட்டால் அது மாடலை நினைவகத்திலிருந்து இறக்கிவிடும். அடுத்த கேள்விக்காரர் மாடல் மறுபடி ஏறும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். 'கீப் அலைவ்' மதிப்பை மைனஸ் 1 ஆக்கினால் இறக்காது. இரண்டாவது, கான்டெக்ஸ்ட் அளவு, அதாவது மாடல் ஒரே தடவையில் படிக்கும் உரையின் நீளம். ஜிபியு நினைவகம் குறைந்த மெஷினில் அது 4096 டோக்கன் (சொல் துணுக்கு). தேடலில் கிடைத்த பத்துத் துண்டுகளைச் சேர்த்து அனுப்பினால் மிஞ்சியது சத்தமில்லாமல் வெட்டப்படும், பிழைச் செய்தி வராது. பதில் மட்டும் ஆவணத்துக்குச் சம்பந்தமில்லாமல் வரும். தமிழ் உரை பல மாடல்களில் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் தின்னும் என்பதால் இந்த வெட்டு நமக்குச் சீக்கிரமே விழும். தேடல் சரியில்லை என்று எம்பெடிங் மாடலை மாற்றப் புறப்படும் முன் இதைப் பாருங்கள். என்விடியா ஜிபியு என்றால் ஹோஸ்டில் என்விடியா கண்டெய்னர் டூல்கிட் இருந்தால்தான் கண்டெய்னருக்குள் ஜிபியு தெரியும். மேக்கில் டாக்கர் கண்டெய்னருக்கு ஆப்பிளின் ஜிபியு எட்டாது. அங்கே ஒல்லாமாவைக் கண்டெய்னருக்கு வெளியே ஓட்டுவதே புத்திசாலித்தனம்.

கண்டெய்னருக்குள் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் அந்தக் கண்டெய்னரே. ஏபிஐயிலிருந்து டேட்டாபேஸைக் கூப்பிட சர்வீஸின் பெயரைச் சொன்னால் போதும். ஆகவே போஸ்ட்கிரெஸுக்கும் ரெடிஸுக்கும் ஒல்லாமாவுக்கும் போர்ட் திறக்கவே தேவையில்லை. திறந்தால் ஆபத்தும் உண்டு. 5432:5432 என்று எழுதினால் எல்லா முகவரிக்கும் திறக்கும், யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடிவைத்திருந்தாலும் சரி. டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் விதிகளைத் தானே போட்டுக்கொள்ளும். ஒல்லாமாவுக்குக் கடவுச்சொல்லே கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். எட்டிப்பார்க்க அவசியமென்றால் 127.0.0.1:5432:5432 என்று எழுதுங்கள்.

வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் பதிவேற்ற விடாது. முதல் ஸ்கேன் பிடிஎஃப்பிலேயே 'ஃபைல் பெரிது' என்ற 413 பிழை வரும். 60 வினாடி பதில் வராவிட்டால் 'நேரம் கடந்தது' என்ற 504. பஃபரிங்கை (பதிலைச் சேர்த்துவைத்து அனுப்புவது) நிறுத்தாவிட்டால் சொல் சொல்லாக வர வேண்டிய பதில் தேங்கித் தேங்கி வரும். இந்த மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாதது: ஏபிஐயை மட்டும் புதுப்பித்தால் அதன் ஐபி மாறக்கூடும், என்ஜின்எக்ஸ் எழும்போது தெரிந்துகொண்ட பழைய ஐபியையே பிடித்துக்கொண்டு 502 பிழை கொடுக்கும். டாக்கரின் உள் டிஎன்எஸ்ஸான 127.0.0.11ஐ ரிசால்வராகக் கொடுத்து, அதன் 'வேலிட்' மதிப்பைச் சில வினாடியாக்கி, ஏபிஐ முகவரியை ஒரு மாறியில் வைத்தால் அந்த இடைவெளிக்கு ஒருமுறை புதிதாக விசாரிக்கும்.

இமேஜ் அளவு பற்றிச் சுருக்கமாக: ஏஐ மாடல்களை ஓட்டும் பைடார்ச்சை லினக்ஸில் வழக்கம்போல் நிறுவினால் ஜிபியுவுக்கான கூடா லைப்ரரிகளும் கூடவே வந்து இமேஜ் பல ஜிபி ஆகிவிடும். ஜிபியு இல்லாத சர்வருக்கு சிபியுவுக்கு மட்டும் தயாரித்த பொதிகள் (வீல்) இருக்கும் தனி முகவரியைக் கொடுங்கள். தமிழ் ஸ்கேன்களுக்கு, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் (ஓசிஆர்) கருவியான டெசராக்டோடு அதன் தமிழ்ப் பொதியையும் இமேஜில் சேர்க்க வேண்டும். யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்களில் உரையை எடுத்தால் குப்பைதான் வரும். அவற்றைப் படமாக்கி ஓசிஆருக்கு அனுப்புவதே நல்லது. சொல் தேடலையும் சேர்ப்பதானால், போஸ்ட்கிரெஸ் 12 முதல் தமிழ் ஸ்டெம்மர் (சொல்லை அதன் அடிவடிவுக்குக் குறைப்பது) உள்ளேயே இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

வொர்க்கர் பாதி ஆவணத்தில் இருக்கும்போது நிறுத்தினால் கம்போஸ் 10 வினாடிதான் பொறுக்கும், பிறகு கொன்றுவிடும். 'ஸ்டாப் கிரேஸ் பீரியட்' மதிப்பை ஒரு ஆவணம் முடியும் நேரத்துக்கு ஏற்றுங்கள். ரெடிஸை வரிசையாக வைத்த செலரியில், ஒப்புதலை வேலை முடிந்தபின் அனுப்பும்படி அமைத்திருந்தால், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் வேலை இன்னொரு வொர்க்கருக்கு மறுபடி போய்விடும்; ஒரே ஆவணம் இரண்டு தடவை ஏறும். லாக்குகளுக்கு டீஃபால்ட்டில் உச்சவரம்பே இல்லை. சர்வீஸுக்கு 10 எம்பி, 3 ஃபைல் என்று எழுதாவிட்டால் என்றோ ஒருநாள் டிஸ்க் நிறையும்.

குறைகளுக்கு வருவோம். கம்போஸ் ஒரே மெஷினை மட்டும் பார்க்கும். புதுப்பிக்கும்போது பழைய கண்டெய்னரை இறக்கிவிட்டுத்தான் புதியதை ஏற்றும். சில வினாடி சேவை இருக்காது. அலுவலகத்துக்குள் ஐம்பது பேர் பயன்படுத்தும் தேடலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இதற்காக, பல மெஷின்களில் கண்டெய்னர்களை ஓட்டும் குபர்னெட்டிஸுக்குத் தாவுவது கொசுவுக்குப் பீரங்கி. இரண்டாவது ஜிபியு மெஷின் வரும்போது அதைப் பற்றி யோசித்தால் போதும். வொர்க்கரை மூன்றாக்க 'ஸ்கேல்' கட்டளை இருக்கிறது. கண்டெய்னருக்கு நிலையான பெயர் வைத்திருந்தால் மட்டும் அது மறுக்கும்.

மன்னிக்க முடியாத குறை வேறு. 'டவுன்' கட்டளையோடு மைனஸ் வி சேர்த்தால் வால்யூம்கள், அதாவது மொத்த வெக்டர்களும், ஒரு கேள்விகூடக் கேட்காமல் அழியும். ஆறு லட்சம் துண்டுகளுக்கு சிபியுவில் மறுபடி எம்பெடிங் போடுவது நாள்கணக்கில் இழுக்கும் வேலை. டேட்டா வால்யூமைக் கம்போஸுக்கு வெளியே உருவாக்கி, ஃபைலில் 'எக்ஸ்டர்னல்' என்று குறித்துவிட்டால் அந்தக் கட்டளை அதைத் தொடாது. இமேஜ் பெயரில் 'லேட்டஸ்ட்' எழுதுவதும் இதே ரகம்: போஸ்ட்கிரெஸின் அடுத்த பெரும்பதிப்பு ஓசையில்லாமல் இறங்கி, பழைய டேட்டாவோடு எழ மறுக்கும். போஸ்ட்கிரெஸ் 18இல் டேட்டா வால்யூமைப் பொருத்தும் இடமும் மாறியிருக்கிறது. பதிப்பெண்ணை எழுதிவைத்து, தினமும் பிஜி டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுத்து வேறொரு மெஷினில் போடுங்கள். மூல பிடிஎஃப்களையும், எந்த எம்பெடிங் மாடலின் எந்தப் பதிப்பு என்பதையும் அதே இடத்தில் வையுங்கள். மாடல் மாறினால், பரிமாணம் ஒன்றாகவே இருந்தாலும், பழைய வெக்டர்களோடு புதியதை ஒப்பிட முடியாது.